மலைப்பாதையில் "மிஸ்" அடிக்கும் பெட்ரோல் வண்டி

நீலகிரியில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் தேயிலையோ காய்கறியோ வைத்திருப்பவர்களில் பலர் பழைய பெட்ரோல் வேன் அல்லது கார் ஒன்றையும் வைத்திருக்கின்றனர். பறித்த பசுந்தேயிலை அன்றே தொழிற்சாலைக்குப் போய்ச் சேரவேண்டும். சாக்கில் அமுங்கிக் கிடந்தால் இலை சூடேறிச் சிவந்துவிடும். அதற்குரிய விலை கிடைக்காது. கழுவி மூட்டை பிடித்த காரட்டும் நேரத்தோடு மண்டி சேரவேண்டும். அந்த நேரம் பார்த்து வண்டி மேட்டில் இழுக்காமல், விட்டு விட்டு அடித்து, உடம்பெல்லாம் குலுங்கினால் அன்றைய வருமானமே போய்விடும். இதைத்தான் "எஞ்சின் மிஸ் அடிக்கிறது" என்று சொல்கிறோம்.

பலர் உடனே கார்புரேட்டர் திருகாணியைத் திருப்ப ஆரம்பிக்கின்றனர். அது கடைசியில் தொடவேண்டிய இடம். மலைப்பகுதியில் இந்தக் கோளாறு பெரும்பாலும் பிளக்கிலோ, அதற்குப் போகும் ஒயரிலோ, பெட்ரோலில் கலந்த நீரிலோ இருக்கும். முறையாகப் பார்த்தால் விவசாயியே பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிடலாம். இங்கே சொல்வன பெட்ரோல் வண்டிகளுக்கு மட்டுமே. டீசல் பிக்-அப் வண்டிகளில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அவற்றின் கோளாறுகளைத் தனியே பார்க்கவேண்டும்.

மிஸ் அடிப்பது ஏன்?

சிலிண்டருக்குள் நான்கு காரியங்கள் ஒன்றுசேர வேண்டும். தக்க அளவில் காற்று, தக்க அளவில் பெட்ரோல், போதுமான கம்ப்ரஷன், சரியான நேரத்தில் தீப்பொறி. இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த முறை அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் 1000 முறை தீப்பற்ற வேண்டும். ஆம்னி வேன் போன்ற மூன்று சிலிண்டர் வண்டியில் ஒரு சிலிண்டர் அடியோடு படுத்துவிட்டால், சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் போய்விடும். ஏனெனில் செத்த சிலிண்டரையும் மற்ற இரண்டும்தான் சுமக்கவேண்டும். சமவெளியில் இதோடு ஓட்டிச் சமாளித்துவிடலாம். பர்லியாற்றிலிருந்து குன்னூருக்கு ஏறும்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

மலைக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. குன்னூர் சுமார் 1850 மீட்டர், உதகை சுமார் 2240 மீட்டர் உயரம். உதகையில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே எந்தக் கோளாறும் இல்லாத சாதாரண பெட்ரோல் எஞ்சினும் அங்கே சுமார் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்தே ஓடும். இதைப் பழுதென்று எண்ணிச் செலவு செய்யவேண்டாம். இழுவை குறைந்தாலும் சத்தம் சீராக இருந்தால் அது மலையின் இயல்பு. சத்தமே சீர்குலைந்தால் அதுதான் மிஸ்.

கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் இன்னொரு சங்கடம். மேலே ஏற ஏறக் காற்று குறைகிறது; ஜெட் வழியாக வரும் பெட்ரோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே கலவையில் பெட்ரோல் மிகுந்து பிளக்கில் கரி படியும். மேட்டுப்பாளையத்தில் டியூனிங் செய்து நன்றாக ஓடிய வண்டி உதகையில் புகை கக்குவது இதனால்தான். வண்டி எங்கே ஓடப்போகிறதோ அந்த உயரத்திலுள்ள மெக்கானிக்கிடம் டியூனிங் செய்துகொள்வதே முறை. இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில் காற்றின் அளவை உணர் கருவிகள் பார்த்துப் பெட்ரோலைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அத்தகைய வண்டி மிஸ் அடித்தால் உயரத்தின்மேல் பழி போட முடியாது.

எப்போது அடிக்கிறது என்று கவனியுங்கள்

ஸ்பானரை எடுக்கும் முன் இரண்டு நாள் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். காலை மூடுபனியிலும் மழையிலும் மட்டும் மிஸ் அடித்து, எஞ்சின் சூடேறி உலர்ந்ததும் சரியானால், ஈரத்தால் மின்சாரம் கசிகிறது. நின்ற இடத்தில் குலுங்கி, வேகமெடுத்ததும் சரியானால், எங்கோ ரப்பர் குழாய் வெடித்து வேண்டாத காற்று உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம். மேட்டில் பாரத்தோடு இழுக்கும்போது மட்டும் அடித்தால், பிளக் இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கும், அல்லது காயில் பலவீனமாக இருக்கும், அல்லது பெட்ரோல் பில்டர் அடைத்திருக்கும். பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பொறி தாண்ட அதிக மின் அழுத்தம் வேண்டும். ஒயரிலோ மூடியிலோ சுலபமான வழி கிடைத்தால் மின்சாரம் அதன் வழியே ஓடிவிடும், பிளக் வரை போகாது.

அடிப்பதில் ஒரு தாளம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரே தாளத்தில் அடித்தால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில் கோளாறு. தாளமில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடித்தால் எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான பெட்ரோல், காற்று, காயில் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

கோடையில் கல்லாறு தாண்டி முதல் கியரிலேயே ஊர்ந்து ஏறும் பழைய கார்புரேட்டர் வண்டிகள் பாதி வழியில் திணறி நிற்பதுண்டு. அங்கே பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறது. ஓரமாக நிறுத்தி எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பெட்ரோல் பம்பின்மேலும் குழாயின்மேலும் ஈரத்துணி போட்டால் வண்டி கிளம்பிவிடும். இதற்காகப் பிளக் மாற்றுவது வீண் செலவு.

பிளக் சொல்லும் செய்தி

எஞ்சின் நன்றாக ஆறியபின் பிளக்குகளைக் கழற்றவும். சிலிண்டர் தலை அலுமினியத்தால் ஆனது. சூட்டில் கழற்றினால் மரை போய்விடும். கழற்றும் முன் குழியிலுள்ள மண்ணை ஊதிவிடவேண்டும். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக்குகளை 1, 2, 3 என்று வரிசை மாறாமல் ஒரு அட்டையில் குத்தி வைக்கவும். இந்த வரிசைதான் முக்கியம். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டால் பாதிச் செய்தி போய்விடும்.

முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக எரிகிறது. உலர்ந்த கருப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எல்லாப் பிளக்கும் அப்படி இருந்தால் ஏர் பில்டரைப் பாருங்கள், சோக்கையும் பாருங்கள். மார்கழி, தை உறைபனிக் காலையில் சோக்கை இழுத்துக் கிளப்பிவிட்டு, அரைகுறையாக உள்ளே தள்ளியபடியே நாள் முழுவதும் ஓட்டுவது மலையில் சர்வ சாதாரணம். பிசுபிசுப்பான எண்ணெய்க் கருப்பு வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து எண்ணெய் ஏறுகிறது. பெட்ரோலில் நனைந்த பிளக் வந்தால் அங்கே பொறியே வரவில்லை. வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எஞ்சின் அதிகமாகச் சூடேறியிருக்கிறது.

கரியைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவேண்டாம். கம்பியின் உலோகத் துகள் பீங்கானில் ஒட்டிக்கொண்டு மின்சாரத்துக்கு வழி செய்துவிடும். சாதாரணப் பிளக்கானால் இடைவெளியை பீலர் கேஜால் அளந்து சரி செய்யலாம். பெரும்பாலான வண்டிகளில் இது 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும். ஊசிபோல் மெல்லிய முனையுள்ள இரிடியம் பிளக்குகளைச் சுரண்டவும் கூடாது, வளைக்கவும் கூடாது. திரும்பப் பூட்டும்போது கையாலேயே கடைசிவரை திருகிவிட்டு, பிறகுதான் ஸ்பானரால் இறுக்கவேண்டும்.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

வயல் பரிசோதனையில் ஒரு பாத்தியில் விதையையும் உரத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டால், விளைச்சல் கூடியது எதனால் என்று சொல்ல முடியாது. எஞ்சினுக்கும் இதே விதிதான். ஒரே நாளில் பிளக், ஒயர், காயில், பில்டர் எல்லாவற்றையும் மாற்றினால் வண்டி சரியாகலாம்; கெட்ட பொருள் எது என்று தெரியாது, நல்ல பொருள்களும் குப்பைக்குப் போய்விடும்.

சந்தேகப்படும் சிலிண்டரின் பிளக்கை நன்றாக ஓடும் சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பாருங்கள். மிஸ் அந்தப் பிளக்கோடு இடம் மாறிப் போனால் குற்றவாளி பிளக்தான். மாறாமல் அதே சிலிண்டரில் இருந்தால், அடுத்து ஒயரை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் காயில் உள்ள வண்டியானால் காயிலை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டரிலோ கம்ப்ரஷனிலோ கோளாறு. ஒரு ரூபாய் செலவில்லாமல் இவ்வளவு தெரிந்துவிடும்.

எந்தச் சிலிண்டர் என்று அறிய, பழைய டிஸ்டிரிபியூட்டர் வண்டிகளில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். கழற்றியும் சத்தம் மாறாவிட்டால் அதுதான் செத்த சிலிண்டர். அதில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். மின்காப்புள்ள இடுக்கி இல்லாமல் தொடவேண்டாம். இதய நோய் உள்ளவர்கள் அருகேயே போகவேண்டாம். புதிய வண்டிகளில் இந்த முறையே கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்கேயுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அது விலை உயர்ந்த பொருள்.

2020 ஏப்ரலில் வந்த பாரத் நிலை 6 வண்டிகளிலும், அதற்குச் சில ஆண்டுகள் முந்தியவற்றிலும், எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. அது விட்டு விட்டு எரிந்தால் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ் நடக்கிறது என்று பொருள். மெக்கானிக் கருவியை மாட்டிப் பார்த்தால் ஓர் எண் வரும். பி-0301 என்றால் முதல் சிலிண்டர், பி-0302 இரண்டாவது. பி-0300 என்றால் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி மிஸ் பரவலாக இருக்கிறது. இந்த எண் எந்தச் சிலிண்டர் என்றுதான் சொல்கிறது. எந்தப் பொருள் கெட்டது என்று சொல்வதில்லை. எண்ணைப் பார்த்தவுடன் காயில் வாங்கச் சொன்னால், மேலே சொன்ன இடமாற்றச் சோதனையைச் செய்துவிட்டு வாங்குங்கள்.

ஈரமும் எலியும்

மூடுபனிக் காலங்களில் டிஸ்டிரிபியூட்டர் மூடியின் உள்ளே நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தாலே வண்டி கிளம்பிவிடுவதுண்டு. துடைக்கும்போது உள்பக்கத்தை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். தலைமுடி போன்ற கருங்கோடு தெரிந்தால் அது மின்சாரம் ஓடி ஓடிக் கரிந்த பாதை. அதைச் சுரண்டி மறைக்க முடியாது; மூடியை மாற்றவேண்டும். ஒயர் கசிவைக் காண இரவில் போனட்டைத் திறந்து, கைத்தெளிப்பானால் பனி விழுவதுபோல் மெல்லிதாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது இருட்டில் தெளிவாகத் தெரியும். கையை மட்டும் எட்டியே வைத்துக்கொள்ளவும்.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை விவசாயி காயிலை மாற்றி, கார்புரேட்டரை இருமுறை சுத்தம் செய்தும் மிஸ் தீராத வேனைக் காட்டினார். இரண்டாம் சிலிண்டரின் ஒயரில், அடிப்பக்கமாக, எலி கடித்த தடம் இருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாத இடம். குளிர்காலத்தில் சூடான எஞ்சினைத் தேடி எலிகள் வந்து தங்கும். சாக்கு மூட்டை, தவிட்டுப் பை இவற்றின் அருகே வண்டியை நிறுத்துவதைத் தவிர்த்தாலே தொல்லை பாதி குறையும். கடிபட்ட ஒயரை டேப் சுற்றி ஓட்டுவது வீடு போய்ச் சேரத்தான் உதவும்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கச் சிலர் குழாய்களின்மேல் பெட்ரோலைத் தெளிக்கின்றனர். சூடான எஞ்சினில் இது தீயை அழைப்பதாகும். சோப்புத் தண்ணீரைச் சிறிதளவு தெளித்தால் போதும். வெடிப்புள்ள இடத்தில் பட்டவுடன் எஞ்சின் சத்தம் மாறும்.

பெட்ரோலில் நீர்

இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2014-ல் ஒன்றரை சதவீத அளவில் இருந்த இந்தக் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஓரளவு நீரைத் தன்னோடு கலந்தே எஞ்சினுக்குக் கொண்டுபோய்விடும், அது நல்லதுதான். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்! கால் டாங்கி பெட்ரோலோடு வாரக்கணக்கில் மழையிலும் மூடுபனியிலும் நிற்கும் வண்டிகளுக்கு இந்த ஆபத்து அதிகம். பாதி டாங்கிக்குக் குறையாமல் வைத்திருப்பதும், டாங்கி மூடியின் ரப்பர் வளையத்தைக் கவனிப்பதும் நல்லது.

சந்தேகமிருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்திலிருந்தோ பில்டரிலிருந்தோ கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டாங்கியைக் காலி செய்து கழுவவேண்டும். இதைத் திறந்தவெளியில், பீடி, அடுப்பு எதுவும் இல்லாத இடத்தில் செய்யவேண்டும்.

20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பொருள்களால் செய்த வண்டிகள் 2023 ஏப்ரலிலிருந்து வருகின்றன. அதற்கு முந்திய வண்டிகளில், குறிப்பாகக் கார்புரேட்டர் வண்டிகளில், ரப்பர் குழாய்களும் வாஷர்களும் உப்பியோ விறைத்தோ போகின்றனவா என்று அடிக்கடி பார்க்கவேண்டும். உதிரும் ரப்பர் துகள் ஜெட்டை அடைத்தாலும் மிஸ் அடிக்கும்.

கம்ப்ரஷன் குறைவு

பிளக், ஒயர், காயில், பெட்ரோல் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் எழுந்திருக்கவில்லையென்றால் கம்ப்ரஷனை அளக்கவேண்டும். இது மெக்கானிக்கின் வேலை. வால்வு இடைவெளி குறைந்து வால்வு சரியாக மூடாமலிருக்கலாம். ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறைந்து, எஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை வந்துகொண்டேயிருந்தால் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். குளிர்ந்த காலையில் புகைக்குழாயில் சிறிது நேரம் வெள்ளை ஆவி வருவது மலையில் எல்லா வண்டிக்கும் உண்டு. அதைக் கண்டு பயந்து எஞ்சினைப் பிரித்துவிட வேண்டாம்.

இறக்கத்தில் மிகுந்த கவனம்

மிஸ் அடிக்கும் வண்டியில் சரக்கேற்றிக்கொண்டு மலை இறங்கக் கூடாது. "இறக்கம்தானே, எஞ்சின் இழுக்கவேண்டியதில்லையே" என்று நினைப்பது உயிருக்கு ஆபத்து. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில் 36. வளைவில் எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிட விசை இரண்டு மூன்று மிதிகளோடு தீர்ந்துவிடும். பிறகு பிரேக் பெடல் கல்லாக இறுகும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். அப்படி நேர்ந்தால் பிரேக் போய்விட்டதென்று பதறவேண்டாம். கியரை நியூட்ரலுக்குத் தள்ளாமல், முழுப் பலத்தோடு பெடலை மிதித்தால் வண்டி நிற்கும். பெடலை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்து ஓட்டுபவர்கள் இதையெல்லாம் வேண்டுமென்றே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான வறட்சிக் காலத்தில் நினைவில் வைக்கவேண்டியது. மிஸ் அடிக்கும்போது எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரில் போய் எரிவதால் அது பழுக்கக் காய்ந்துவிடும். அந்த நிலையில் வண்டியைக் காய்ந்த புல்லின்மேலோ உண்ணிச் செடிச் சருகின்மேலோ நிறுத்தினால் தீப்பற்றும். கூடலூர், மசினகுடிப் பக்கத்துக் காட்டோரங்களில் இப்படிப் பிடிக்கும் தீ வண்டியோடு நிற்காது. தார்ச்சாலையிலோ வெறுந்தரையிலோ மட்டும் நிறுத்துங்கள்.

தேயிலைக் கவ்வாத்து இயந்திரம், இலை வெட்டும் இயந்திரம் இவற்றின் சிறிய டூ-ஸ்டிரோக் எஞ்சின்களையும் இதே வரிசையில் பார்க்கலாம்: முதலில் பிளக், அடுத்து பெட்ரோல், பிறகு காற்று. இவற்றில் எண்ணெய் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குமேல் வைத்திருந்து பயன்படுத்தவேண்டாம். எண்ணெய் அளவைக் கையேட்டில் சொன்னபடியே கலக்கவும். கூடுதலாக ஊற்றினால் பிளக்கும் புகைத்துளையும் கரியால் அடையும். புகைத்துளையின் வலையைக் கழற்றிச் சுத்தம் செய்து, துளையிலுள்ள கரியை மரக்குச்சியால் எடுக்கவும். இரும்புக் கம்பி பிஸ்டனில் கீறல் போட்டுவிடும்.